மாமன் வாசலில் சிவப்பு முட்டை

அடுத்த நாட்டுப் பண்டிகையை அந்த நாட்டுக்கே போய்க் கொண்டாடுவதுதான் உடம்புக்கு நல்லது. இந்த ஞானம் எனக்கு வருவதற்குள் என் முதுகு ரொம்பப் பாடுபட்டுவிட்டது.

நாஞ்சில் நாடு திருவிதாங்கூர்-கொச்சியோடு ஒட்டிக் கிடந்த காலம். கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜுக்கு நான் மேனேஜர் (பேருக்குத்தான், கிணற்றில் தண்ணீர் கோருவதும் நானே). அங்கே ஒரு கிரேக்கப் பயணி வந்து தங்கினார். நம்மூர் சர்ச்சுகளில் ஈஸ்டர் முடிந்து ஒரு வாரம் கழித்து, “இன்றுதான் எங்கள் ஈஸ்டர், சிவப்பு முட்டை வேண்டும்” என்றார். குடிதண்ணீரில் போடும் பதிமுகக் கட்டையைப் போட்டு அவித்துக் கொடுத்தேன். முட்டை அழகாகச் சிவந்தது.

அவர் ஊரில் இரண்டு பேர் முட்டையோடு முட்டையை மோதுவார்களாம். யார் முட்டை உடையவில்லையோ அவருக்கு வருஷம் பூரா யோகம். வாசல் நிலைக்கு மேலே மெழுகுவர்த்திப் புகையால் சிலுவை போட்டால் வீட்டுக்கே யோகம்.

எனக்கோ அன்றைக்கே யோகம் தேவைப்பட்டது. மாமன் மகள் ராஜத்தைப் பெண் உறுதி செய்ய, குலசேகரத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் மாப்பிள்ளை ரைட்டரின் வீட்டார் சாயங்காலம் வருகிறார்கள். (அவரிடம் சைக்கிள் இருந்தது. என்னிடம் ஆசை மட்டும்தான்.)

என் யோகம் இருந்தது மாமா வீட்டில்தானே! மோதக் கொண்டுபோன ஒரு முட்டையை அவர் வீட்டுப் படியில் வைத்தேன். முற்றத்து உரலை உருட்டிவந்து, மேலே ஏறி, மெழுகுவர்த்தியை நிலைக்கு நேரே பிடித்தேன். கதவைத் திறந்தது மாமி.

“ஐயோ, ஓடியாங்க! கூடோத்திரம்!”

(ஆகாதவன் வீட்டு வாசலில் மந்திரித்த முட்டை வைப்பதற்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். அது எப்படி என் மண்டையில் உறைக்காமல் போயிற்றோ!)

மாமா ஓலைமட்டையோடு வந்தார். “ஏலே சவத்துப்பயலே, பொண்ணு தரலேன்னா குடும்பத்தையே முடிச்சிருவியா?”

“கிரேக்கப் பண்டிகையாக்கும், மாமா!”

“அதுக்கு எனக்க வாசலுதான் கெடச்சுதா?” மட்டை இறங்கியது.

ரைட்டர் வீட்டாரும் அப்போதுதானா வந்து சேரவேண்டும்! முட்டையைத் தொட யாருக்கும் தைரியமில்லை. உள்ளேயிருந்து ராஜம் வந்தாள். குனிந்து எடுத்தாள், நிலையில் தட்டினாள், உரித்தாள்.

“ஏட்டி, தொடாதே!” மாமி அலறி முடிப்பதற்குள் பாதி முட்டை உள்ளே போய்விட்டது.

“உப்பு இருந்தா நல்லாருக்கும்” என்றாள் ராஜம்.

ரைட்டரின் அம்மா வாசலோடு திரும்பிவிட்டார். கூடோத்திர முட்டை தின்ற பெண் என்று ஊரெல்லாம் பேச்சு. ஓணம் கழிந்தும் ஒரு வரன் எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் மாமா ஆளனுப்பினார்: “நீ வச்ச முட்டைதானேலே, நீயே கெட்டிக்கோ.”

கல்யாணமான பிறகு, “பயமில்லாம எப்பிடித் தின்னே?” என்று ராஜத்திடம் கேட்டேன்.

“பின்னே, அந்த ரைட்டர் வீட்டு ஆளுவ திரும்பிப் போகாண்டாமா?” என்றாள். எனக்கு அப்படியொரு சந்தோஷம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

இன்றும் எங்கள் குடும்பத்தில் யாருக்காவது கல்யாணம் தள்ளிப்போனால், “இவரை ஒரு முட்டை அவிக்கச் சொல்லுங்க” என்பார்கள். நானும் அசடு வழிய எழுந்திருப்பேன்.

“இந்தத் தடவையாவது உப்பும் சேத்து வைங்க” என்பாள் ராஜம்.