பொருள்: பாட்டு காணாமல் போனது சம்பந்தமாக

மனு சார் மட்டும் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே பிறந்திருந்தால், மழை ஏன் தாமதம் என்று கேட்டு வருண பகவானுக்கே பதிவுத் தபால் அனுப்பி, ஒப்புகை அட்டையில் கையெழுத்தும் வாங்கியிருப்பார்.

தாம்பரம் தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு மேஜை, ஒரு பெரிய குடை. ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுப்பதுதான் அவர் தொழில். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் டைப்ரைட்டரை மாற்றிவிட்டு ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். ஆனால் விரல்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அவர் குத்துகிற குத்தில் மாதம் ஒரு கீபோர்டு உயிரை விடும். இன்டர்நெட், பக்கத்து பிரவுசிங் சென்டரிலிருந்து குடைக் கம்பி வழியாக இறங்கி வரும்.

மனுவால் தீராத பிரச்னை உலகத்தில் இல்லை என்பது அவர் கட்சி. பக்கத்து வீட்டுச் சேவல் நேரங்கெட்ட நேரத்தில் கூவியபோது சொந்தக்காரருக்கு ஒரு மனு கொடுத்துவிட்டு, நகலைக் கூண்டில் ஒட்டிவிட்டு வந்தார். சாம்பாரில் உப்பு அதிகம் என்று மனைவிக்கு எழுதிய மனு, ‘தள்ளுபடி’ என்ற ஒரே வார்த்தையோடு அவர் தட்டுக்கே திரும்பி வந்ததாகக் கேள்வி.

நான் அப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் சாப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவன் எழுதிய சாப்ட்வேரில் பிழை கண்டுபிடித்து, அவனுக்குப் புரியும்படி எழுதிக் கொடுப்பதற்காகவே எனக்குச் சம்பளம். இதை மறக்காதீர்கள், எனக்காகப் பின்னால் நீங்கள் வெட்கப்பட வேண்டியிருக்கும்.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, நிச்சயமாகியிருந்த கல்பனா தன் மியூசிக் பிளேயரை என்னிடம் கொடுத்தாள். “ரெண்டு புதுப் பாட்டு ஏத்திக் குடுங்க. ஜாக்கிரதை. காலேஜ்லேந்து ஒண்ணொண்ணா சேர்த்தது, வேற எங்கயும் காப்பி கிடையாது.”

யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதி இலவசமாக விட்டிருந்த சாப்ட்வேர் ஒன்றில் அதைச் சொருகினேன். நானூறு பாட்டு இருந்த பிளேயர் அதற்குப் பிறகு ‘பாடல்கள்: 0’ என்றது. ஆனால் இடம் மட்டும் காலியாகவில்லை.

சாப்ட்வேர் எழுதியவருக்கு மெயில் போட்டேன். பதில் இல்லை. கல்பனா கேட்கும்போதெல்லாம், “ஏறிக்கிட்டே இருக்கு” என்றேன். ஒரு வாரமாக ஏறிக்கொண்டிருக்கும் இரண்டு பாட்டை அவளும் நம்பினாள். அல்லது நம்புவதாக நான் நம்பினேன்.

அந்த வாரம்தான் புதுக் குடித்தனத்துக்கு காஸ் கனெக்‌ஷன் கேட்க மனு சாரிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“இன்னா சார், காஸுக்கா இம்மாம் சோகம்?”

சொன்னேன். பிளேயரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பாட்டு ஒண்ணுகூட இல்லன்றீங்க. எடம் மட்டும் ஃபுல்லா கீதுன்றீங்க.”

“ஆமா.”

“அப்ப ஆளு வூட்லதான் கீறான் சார். ரேஷன் கார்டுல பேரு வுட்டுப்போச்சு. அவ்ளோதான்.”

பாட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, பாட்டுப் பட்டியல்தான் கெட்டிருக்கிறது என்பது, நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்த எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் அனுப்பிய மெயிலைக் காட்டச் சொன்னார். ‘பாட்டைக் காணோம். உதவவும். அவசரம்’ என்று இங்கிலீஷில் இருந்தது.

“இது மனுவா சார்? கெணத்துல வியுந்தவன் கத்தறா மாதிரி கீது. எந்தக் கெணறுன்னு சொல்ல வாணாமா?”

விசாரணை ஆரம்பித்தது. “எத்தினி மணிக்கு சொருவுனீங்க?”

“சாயந்திரம் ஏழு.”

“பாட்டு ஏறி முடிஞ்சப்பறம் ஒயரை எடுத்தீங்களா, நடுவுல புடுங்கிட்டீங்களா?”

நான் மேஜையைப் பார்த்தேன்.

“சார், பொய் மனு எய்துனா என் கை வெளங்காது.”

“போன் வந்துது. ஹால்ல அடிச்சுது. அப்படியே பிளேயரோட ஓடிட்டேன்.”

“யாரு போனு?”

“கல்பனா.”

அதற்குப் பிறகு அவர் ரொம்ப நேரம் ஏதோ அடித்தார். இடையிடையே பெயர், வீட்டு விலாசம், சாப்ட்வேர் நம்பர், பாதிக்கப்பட்ட நபரின் பெயர், அவர் மெயில் விலாசம் என்று கேட்டுக்கொண்டே போனார். படிவம் என்றால் யோசிக்காமல் நிரப்புகிற வியாதி எனக்கு. எல்லாவற்றையும் சொன்னேன்.

மூன்று பக்கம். வரிக்கு ஒரு ‘மேற்படி’ வரும் தாலுகா ஆபீஸ் இங்கிலீஷ். ‘ஒயரைப் பிடுங்கியது மனுதாரரின் தவறு. பிடுங்கினால் பட்டியல் அழியும் என்று எச்சரிக்காதது தங்களின் தவறு. இணைப்பு: திரையின் படம் மூன்று.’ என் கம்பெனியில் எட்டு பேர் சேர்ந்தாலும் அப்படி எழுத முடியாது. இரண்டாம் பக்கத்தை நான் படிப்பதற்குள் அனுப்பிவிட்டார்.

மறுநாள் வந்தது வெறும் தானியங்கிப் பதில். உங்கள் புகார் எண் இது, அவ்வளவுதான். மனு சார் எழுந்தே நின்றுவிட்டார்.

“நம்பர் குடுத்துட்டான் சார். நம்பர் வியுந்த ஃபைலு சாவாது.”

இரண்டு நாள் கழித்து வெளிநாட்டுக்காரரே எழுதினார்: ‘என் கம்ப்யூட்டரில் நன்றாக வேலை செய்கிறது.’

நான் இடிந்துபோனேன். மனு சார் ‘நினைவூட்டல் 1’ தட்டினார்: ‘தங்கள் கம்ப்யூட்டர் நலமாக இருப்பதறிந்து மகிழ்ச்சி. மனுதாரருடையது நலமாக இல்லை. மனுவில் கண்டவாறு, போன் அடித்ததும் பாதியில் ஒயரைப் பிடுங்கிப் பார்த்து ஆவன செய்யவும்.’

அந்த வெளிநாட்டு மனுஷன் நிஜமாகவே பிடுங்கிப் பார்த்திருக்கிறார். அவர் பாட்டும் காணாமல் போயிருக்கிறது. அதன் பிறகு வேலை எப்படி ஓடியது என்று சொல்லவேண்டியதில்லை. நாலாம் நாள் புதுப் பதிப்பு வந்தது. அதில் பட்டியலைத் திரும்ப உருவாக்க ஒரு பட்டன். ‘இவ்வளவு முழுமையான பிழை அறிக்கையை நான் பார்த்ததில்லை. இதை எழுதிய டெஸ்டர் யார்?’ என்று கேட்டிருந்தார். அந்த வரியை மட்டும் மனு சாருக்கு நான் கொஞ்சம் வேகமாகப் படித்துக் காட்டினேன்.

பட்டனை அழுத்தினேன். நானூறும் வந்து நின்றன. உடனே கல்பனாவுக்குப் போன் போட்டேன்.

“ஏறிடுச்சு.”

“தெரியும்” என்றாள்.

“எப்படி?”

“எனக்கும் நகல் வந்துக்கிட்டுதானே இருக்கு. மொத மனுலேந்து. நேத்து நீங்க ‘ஏறிக்கிட்டே இருக்கு’ன்னு சொன்னப்ப கூட ஒண்ணு வந்துது.”

இவளை இத்தனை நாள் ஏமாற்றியதற்குச் சாட்சி, ஆவணம், தேதி எல்லாம் இவள் கையிலேயே இருக்கிறது. கல்யாணம் நின்றால் பத்திரிகை அடித்தவருக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“மனுல ஆறாவது பத்தி நிஜமா?” என்றாள். “அதை மட்டும் சொல்லுங்க.”

“பத்து நிமிஷத்துல கூப்பிடறேன்” என்று மனு சாரிடம் ஓடினேன்.

“ஏன் சார் அவங்களுக்கு நகல் போட்டீங்க?”

“பாதிக்கப்பட்டவங்களுக்கு நகல் போடாத மனு செல்லாது சார்.”

“ஆறாவது பத்தியில என்ன எழுதுனீங்க?”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தமிழிலேயே வாசித்தார். “மனுதாரர் கவனக்குறைவானவர் அல்ல. மேற்படி கல்பனா அவர்களின் அழைப்பை உடனே எடுக்காவிட்டால் அவர் மனம் வருந்துவாரோ என்ற பதற்றத்தில் மட்டுமே ஒயரைப் பிடுங்கினார். பாடலைவிட அழைப்பே அவருக்குப் பெரிதாகப் பட்டது.”

“இதை நான் சொல்லவே இல்லையே சார்.”

“நீங்க சொல்லல. மூஞ்சில இருந்துச்சி. நான் எய்துனேன்.”

அங்கேயே நின்று கல்பனாவைக் கூப்பிட்டு, “நிஜம்” என்றேன். “கல்யாணத்துக்கு அந்த மனு எழுதினவரையும் கூப்பிடுங்க” என்றாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ சண்டைகளில் என் தரப்பை நானே எடுத்துச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மனு சார் எழுதிய அளவுக்கு நான் நல்லவனாக ஒரு தடவையும் வந்ததில்லை.