இருநூறு டிகிரித் தைலம்

"இறங்கு! இறங்கித் தொலையேன்!"

அர்மாஸ் குடுவையைக் கெஞ்சினான். நுரை இறங்குவதாக இல்லை. குடுவையின் கழுத்து வரை ஏறி எட்டிப் பார்த்தது.

குவோப்பியோ நகரத்துச் சோதனைக்கூடத்தில் அன்று வெள்ளிக்கிழமை. சௌனா என்னும் நீராவிக் குளியலறையின் சூடான கல்லில் தெளிப்பதற்காகத் துவோவி அம்மாள் பைன் மரத் தார் வாசனைத் தைலம் காய்ச்சி ஒரு கேனில் கொண்டுவந்திருந்தாள். இருநூறு டிகிரி வரை அது கெடாமல் தாங்கினால், ஒரு கப்பல் கம்பெனி தன் கப்பல் சௌனாக்களுக்கெல்லாம் வாங்கிக்கொள்ளும். தாங்காவிட்டால் அவள் கடையை மூட வேண்டியதுதான். முடிவு இன்று மாலைக்குள் வேண்டும். பக்கத்துக் காபி அறையில் அவள் ஒரு ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து, தின்னாமல் உட்கார்ந்திருந்தாள்.

வெப்பமானியோ நூற்றொன்றைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடித்தது.

அர்மாஸ் முகர்ந்து பார்த்தான். தார் வாசனைதான். ஆனால் அந்தக் கட்டடத்தில் எதை முகர்ந்தாலும் தார் வாசனைதான். துப்புரவுக்கார லெம்பி தரை, படி, சௌனா எல்லாவற்றையும் தார் சோப்பு ஊற்றித்தான் கழுவுவாள். காலையில் இவன் மேஜையைக்கூட விட்டுவைக்கவில்லை.

"கண்ட கேனையும் பரப்பி வெச்சா நான் எப்படித் தம்பி துடைக்கிறது?" என்று எல்லாவற்றையும் தூக்கி இறக்கிவிட்டு, தன் கேனோடு முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

பெரிய குடுவைக்கு மாற்றினான். நுரையும் பெரிதானது. சூட்டைக் கூட்டினான். குடுவை குலுங்கியது.

"என்னங்க, ஆச்சா?" துவோவி அம்மாள் கதவிடுக்கில் தலையை நீட்டினாள்.

"ஆச்சு மேடம், இதோ ஆச்சு!"

பதற்றத்தில் கொதி அடங்கட்டும் என்று பீங்கான் துணுக்குகளை ஒரு கைப்பிடி போட்டான். ஆரம்பத்திலேயே போட வேண்டியதைக் கொதிக்கும்போது போட்டால் என்ன ஆகும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? நுரை பொங்கி அடுப்பில் விழுந்து புகைந்தது. தீ எச்சரிக்கை மணி அலறியது.

கட்டடமே காலியாகி வெளியே பனியில் வந்து நின்றது. கீழ்த்தளத்துச் சௌனாவிலிருந்து முதலாளி கியோஸ்தி துண்டோடு ஓடிவந்தார். உடம்பெல்லாம் ஆவி பறந்தது.

"யோவ் அர்மாஸ்! என் ஜென்மத்துல இப்படி ஒரு சௌனா பார்த்ததில்ல. வாசனைன்னா அப்படி ஒரு வாசனை! அதுலேர்ந்து இழுத்துட்டு வந்துட்டியேய்யா!"

"சார், அந்தத் தைலம்..."

"என்ன ஆச்சு?"

"நூத்தியொண்ணுலயே பொங்குது சார். தாங்கல."

துவோவி அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "பொய்! என் வீட்டுக் கல்லுல தினமும் ஊத்தறேன், ஒருநாள் பொங்கினதில்ல."

"சோதனை சொல்லுதும்மா," என்றார் கியோஸ்தி, பல் தந்தியடிக்க.

அவள் கண் கலங்கிவிட்டது. அர்மாஸுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அப்போது சௌனாப் பக்கத்திலிருந்து காலிக் கேனை ஆட்டிக்கொண்டே லெம்பி வந்து சேர்ந்தாள்.

"தம்பி, இந்தக் கம்பெனி சோப்பை இனிமே வாங்காதீங்க. கல்லு, பலகை, தரைன்னு முழுக் கேனையும் ஊத்தித் தேய்ச்சுட்டேன், ஒரு பொட்டு நுரை வரணுமே!"