எழுபது டிகிரி பச்சைத் தண்ணீர்

என் கை பட்ட வேலை எதுவும் தோற்றதில்லை என்று நான் சொல்லிக்கொண்டு திரிவதில் ஒரு சின்னப் பொய் இருக்கிறது. ஒன்று தோற்றது. அது என் வீட்டு மொட்டைமாடியிலேயே இன்னும் நிற்பதால் மறைக்கவும் வழியில்லை.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். எண்ணூரிலிருந்து காட்டுப்பள்ளி வரை தொழிற்சாலைகளுக்கு நீராவிக் குழாய் போட்டு, படித்த இன்ஜினியர்களுக்கே சொல்லிக்கொடுத்து, திருவொற்றியூரில் மாடிவீடு கட்டியவன். (இதை நான் சொல்லாத கல்யாணப் பந்தி கிடையாது.) அப்படிப்பட்டவன், மகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்று கடையில் போய் ஹீட்டர் வாங்குவதா?

மூடிப்போன ஒரு தொழிற்சாலையிலிருந்து ஐந்நூறு லிட்டர் ஸ்டீல் டேங்கை மாடிக்கு ஏற்றினேன். அதிலுள்ள தண்ணீரை வெயில் தகடு சூடாக்கும். வெயில் இல்லாத நாளில் உச்சியில் செருகிய கரண்ட் ராடு சூடாக்கும். ஆனால் அந்தத் தண்ணீரில் யாரும் குளிக்கப்போவதில்லை; அது சூட்டைச் சேர்த்துவைக்கும் கிடங்கு. குளிக்கிற தண்ணீர், டேங்குக்குள் சுருண்டு கிடக்கும் செம்புக் குழாய் வழியாக ஓடி, போகிற போக்கில் சூட்டை வாங்கிக்கொண்டு வரும். கரண்ட் போனாலும் மறுநாள் வரை சூடு நிற்கும். எப்போது திறந்தாலும் புதுத் தண்ணீர். குறை என்று பார்த்தால் இடத்தை அடைக்கும், கனம் அதிகம், சூடேற நேரமாகும். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

சித்திரையில் சோதித்தேன். தண்ணீர் ஆவி பறக்கக் கொட்டியது. (சித்திரையில் எங்கள் மாடிக் குழாய் எல்லாமே வெந்நீர்தான் கொட்டும். அது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.) அந்தப் பெருமையில் பின்பக்கத்து விறகடுப்பை இடித்தேன். வெந்நீர் அண்டாவை மச்சான் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

"அடுப்ப ஏய்யா இடிக்கிற? அது பாட்டுக்கு ஓரமாத்தான கீது," என்றாள் என் மனைவி பத்மா.

"இனிமே இந்த வூட்ல பொகையே கெடையாது," என்றேன்.

மகள் செல்வியின் முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இது இரண்டாவது. பிறந்த பேரனைப் பத்மா மடியைவிட்டு இறக்கவில்லை. தாயும் பிள்ளையும் மூன்று மாதம் எங்கள் வீட்டில் இருப்பது வழக்கம். அந்த மூன்று மாதத்துக்காகப் பத்மா இரண்டு வருஷம் கோயில் கோயிலாக அலைந்திருந்தாள்.

பதினோராம் நாள், பெற்றவளுக்குத் தலைக்கு ஊற்றுவது. ஐப்பசி அடைமழை, நாலு நாளாக வெயில் இல்லை. மருமகன் வீடு இருக்கும் கல்மண்டபத்திலிருந்து சம்பந்தியம்மாவே ஊற்ற வந்திருந்தார். அவரைக் குடையோடு மாடிக்கு அழைத்துப்போய், டேங்கின் தலையில் இருந்த மீட்டரைக் காட்டினேன். எழுபது டிகிரி.

"கப்பல் மிசின் மாதிரி கீதுண்ணே," என்றார். எனக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது.

கீழே செல்வியின் தலையில் எண்ணெயும் சீயக்காயும் தேய்த்துக் குழாயைத் திறந்தார்கள். பாராட்டு வரும் என்று நான் குளியலறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணே, வெதுவெதுன்னுதான் வருது," என்றார் சம்பந்தியம்மா.

"கொஞ்சம் உடுங்கம்மா. மேல எழுவது கீது."

அடுத்த வாளி. "இது பச்சத்தண்ணிண்ணே."

"மழையில உங்க கை மரத்திருக்கும். மீட்டர் பொய் சொல்லாது."

"அப்ப நான் சொல்றனா? உன் தலையில ஒரு வாளி ஊத்திக்கினு அப்பறம் பேசு."

அதற்குள் செல்வியின் குரல் வந்தது. "நைனா, குளுருது நைனா. முடியல."

நிறுத்தவும் முடியாது, தலை முழுக்கச் சீயக்காய். பத்மா, செல்விக்காக வேகவைத்துக்கொண்டிருந்த சுறாப்புட்டை காஸ் அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு ஒரு குண்டானில் தண்ணீர் வைத்தாள். அது சூடாகும்வரை என் மகள் ஈரத்தில் நடுங்கிக்கொண்டு நின்றாள்.

நான் மாடிக்கு ஓடினேன். சூடு வெளியே போகாமலிருக்க டேங்கைச் சுற்றி நானே கட்டிய கண்ணாடிப் பஞ்சைப் பிய்த்துக் கையை வைத்தேன். உச்சியில் சுட்டது. அடியில் கிணற்றுத் தண்ணீர் போல ஜில்லென்று இருந்தது. சூடான தண்ணீர் மேலே போய் நின்றுகொள்ளும். ராடும் மேலே, மீட்டரும் மேலே. செம்புச் சுருளை மட்டும் நான் அடியில் வைத்திருந்தேன். தொழிற்சாலையில் நாற்பது வருஷமாக அடியில்தான் வைத்தேன். அங்கே சுருளுக்குள் நீராவி ஓடி டேங்குக்குச் சூடு கொடுக்கும். இங்கே டேங்கிடம் சூடு வாங்க வேண்டும். கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் வித்தியாசம் தெரியாமல் செம்பை வளைத்திருக்கிறேன்.

சாயங்காலம் செல்விக்குக் குளிர்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தையல் புண்ணால் வந்த காய்ச்சல், குளித்ததால் இல்லை என்றார் டாக்டர். அதை யார் காதில் வாங்குவது? நானே வாங்கவில்லை. காய்ச்சல் விட்டதும் அங்கிருந்தே தாயையும் பிள்ளையையும் சம்பந்தியம்மா ஆட்டோவில் ஏற்றினார்.

"கோவம்லாம் இல்லண்ணே. எங்க வூட்ல ஒரு அடுப்பு கீது, ஒரு அண்டா கீது. அது போதும்."

பத்மா பிள்ளையின் துணிமூட்டையைக் கொடுத்துவிட்டு, ஆட்டோ திரும்பும்வரை நின்றாள்.

பிறகு சுருளை உச்சிக்கு மாற்றினேன். இப்போது பிரமாதமாக வேலை செய்கிறது. இரண்டு கிழங்கள் ஆளுக்கொரு வாளி குளிக்க ஐந்நூறு லிட்டர் சூடாகிக்கொண்டிருக்கிறது. செல்வியின் அடுத்த பிரசவத்துக்கு எங்களை யாரும் கேட்கவில்லை, கல்மண்டபத்திலேயே பார்த்துக்கொண்டார்கள்.

இன்றைக்கும் நாங்கள் அங்கே போனால், காபித் தம்ளரைக் கையில் வாங்கியதும் மருமகன் கேட்பார்: "மாமா, இது மீட்டர் சூடா, மெய்யான சூடா?" சம்பந்தியம்மா சிரிப்பார், செல்வி சிரிப்பாள், எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரிப்பேன். பத்மா மட்டும் இதுவரை ஒருதடவையும் சிரித்ததில்லை. மூன்று மாதத்தில் அவளுக்குக் கிடைத்தது பதினோரு நாள்.