டார்ச் அடித்துப் பார்த்த இருட்டு

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மேற்கொண்டு உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

ஆராய்ச்சிக்காக வளர்த்து என்னிடம் விட்டுப்போன உங்கள் புழுக்களும் சௌக்கியம்தான், கொஞ்சம் அதிகமாகவே. நீங்கள் வரும்வரை கூட்டுப்புழுவாகி அசையாமல் தூங்க வேண்டியவை, நேற்றிலிருந்து வெள்ளை வண்ணத்துப்பூச்சிகளாகி வரவேற்பறையில் பறக்கின்றன. ஒன்று என் மூக்குக்கண்ணாடியை விட்டு இறங்க மறுக்கிறது. நான் செய்ததெல்லாம் இவ்வளவுதான். அலமாரிக்குள் விளக்கு தானாக எரியும், குளிர்காலம் மாதிரி சாயங்காலமே தானாக அணைந்துவிடும், தழை மட்டும் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். தானாக நடக்கும் எதையும் நான் நம்புவதில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். ஆகவே தினமும் படுக்கப் போகும் முன் அலமாரியைத் திறந்து, உள்ளே நல்ல இருட்டாக இருக்கிறதா என்று மூலை மூலையாக டார்ச் அடித்துப் பார்த்தேன். விளக்கு அணைந்துதான் இருந்தது. திருப்தியாகத் தூங்கினேன்.

நேற்று பூச்சிகள் பறப்பதைப் பார்த்ததும் பதறிப்போய் உங்களுடன் ஆராய்ச்சி செய்யும் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். "பூச்சிங்க ராத்திரி எவ்வளவு நீளம்னுதான் சார் அளக்குதுங்க. நடுவுல நீங்க வெளிச்சம் அடிச்சா, ராத்திரி சின்னதாயிடுச்சு, கோடைக்காலம் போலிருக்குன்னு நினைச்சுக்கும். அப்புறம் எதுக்குத் தூங்கணும்?" என்றார். தூங்காத புழுவை வைத்து மாப்பிள்ளை முனைவர் பட்டம் வாங்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்று சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்கப் பார்த்தார்.

மாப்பிள்ளை, நீங்கள் முதன்முதலாக என்னை நம்பி ஒப்படைத்த காரியம் இது. இப்படிக் கோட்டை விட்டேனே என்று அழுகையே வந்துவிட்டது. நீங்கள் அவசரப்பட்டுத் திரும்ப வேண்டாம். ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கோபம் ஆறிய பிறகு வந்தால் போதும். மகளிடம் பக்குவமாகச் சொல்லவும். அவள் உங்களைப் போல அமைதியானவள் அல்ல.

இருவரும் நோய் நொடியில்லாமல் நீடூழி வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
தலை குனிந்த மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும்போது உங்கள் மாமியார் கடிதத்தை வாங்கிப் படித்தாள். "உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளையோட புழுவையெல்லாம் அவர் கிளம்பின அன்னைக்கே வேற இடத்துக்கு மாத்திட்டேன். வெளிச்சம், இருட்டு எல்லாம் நேரத்துக்கு நானே காட்டிட்டிருக்கேன். நீங்க டார்ச் அடிச்சது தோட்டத்து முட்டைக்கோஸ்ல நான் பொறுக்கிப் போட்ட புழுவுக்கு" என்றாள். உங்களுடையவை நிம்மதியாகத் தூங்குகின்றனவாம். எங்கே என்று சொல்ல மறுக்கிறாள். நிஜமாகவே தூங்குகின்றனவா என்று ஒரே ஒரு தடவை பார்க்காமல் எனக்கு எப்படி நிம்மதி வரும்? பரண், பீரோ எல்லாம் தேடியாகிவிட்டது. மிச்சம் மாடி அறைதான். அதன் சாவியை எங்கே ஒளித்திருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. ஆகவே கிடைக்கிற முதல் வண்டியைப் பிடித்து உடனே வந்துவிடுங்கள்.