மான் நலம், அழைப்பிதழை நிறுத்தவும்

மதிப்பிற்குரிய மச்சான் சேனாபதி அவர்களுக்கு,

நியூ ஜெர்சி மான்மவுத் ஜங்ஷனிலிருந்து உங்கள் தங்கை வீட்டுக்காரன் கிட்டுசாமி வணங்கி எழுதுவது. இங்கே நானும் சாந்தாமணியும் மகள் வான்மதியும் சுகமாக இருக்கிறோம். மான்களும் சுகமாக இருக்கின்றன. இரண்டாவதாகச் சொன்னதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். கோபியில் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்றும், உங்கள் பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டிடம் நல்லபடியாக எழும்பிக்கொண்டிருக்கும் என்றும் நம்புகிறேன்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இவன் எதற்குத் தபால் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். குடும்பக் குழுவில் எழுதினால் அவினாசி வரைக்கும் போய்விடும். ஃபோனில் சொல்லலாம் என்றால் நீங்கள் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவீர்கள். உங்கள் ஆபீஸ் அறையில் யார் யார் உட்கார்ந்திருப்பார்களோ தெரியாது. நான் சொல்லப்போவது உங்கள் காதோடு நிற்க வேண்டிய விஷயம். விளையாட்டு விழா அழைப்பிதழில் "சிறப்பு விருந்தினர்: அமெரிக்கக் காட்டில் ஒற்றை அம்பில் மான் வீழ்த்திய வில்வீரர் திரு. கிட்டுசாமி" என்று போட்டு, நான் முதல் அம்பை எய்து விழாவைத் தொடங்கி வைப்பதாகவும் எழுதி, அச்சகத்துக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் திருப்பி வாங்குங்கள். ஒற்றை அம்பு என்பது மட்டும் உண்மை. மற்றதெல்லாம் எப்படி வந்தது என்று கீழே எழுதுகிறேன். படித்துவிட்டு அக்காவிடம்கூடக் காட்ட வேண்டாம்.

எல்லாம் உங்கள் தங்கையின் அவரைப் பந்தலில்தான் ஆரம்பித்தது. இந்த ஊர் மான்கள் காட்டில் இருப்பதில்லை, எங்கள் தெருவில் இருக்கின்றன. வாக்கிங் போகிறவர்களுக்கு வழிகூட விடுவதில்லை. சாந்தாமணி கோடை முழுக்கத் தண்ணீர் விட்டு வளர்த்த அவரை, தக்காளி, செம்பருத்தி எல்லாவற்றையும் ஒரு குடும்பமாக வந்து மேய்ந்துவிட்டுப் போயின. "ஏனுங்க, ஒரு ஆம்பள இந்த வீட்டுல இருக்கறது மானுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டாள். என் கம்பெனியில் மருந்து பாட்டில் மூடி சரியாக இறுகியிருக்கிறதா என்று பரிசோதிப்பது என் வேலை. அதை வைத்துக்கொண்டு மானை என்ன செய்ய முடியும்?

அப்போதுதான் சபரி கிடைத்தார். மூன்று வீடு தள்ளி இருக்கிறார், சேலத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். நெட்வொர்க் இன்ஜினியர். வருஷா வருஷம் லைசென்ஸ் எடுத்து வில்லால் மான் வேட்டையாடுகிறவர். இங்கே முக்கால்வாசிப் பேர் சக்கரம், கம்பி, குறி பார்க்கும் கண்ணாடி எல்லாம் வைத்த வில் வைத்திருப்பார்கள். சபரியுடையது வெறும் மரவில். ஒரு நாண், ஒரு அம்பு, மீதி நம் கண்ணும் கையும்தான். "அண்ணா, சக்கர வில்லுல தூரத்துல இருந்தே அடிச்சிடலாம். இதுல மான் கிட்ட வரணும். அது கிட்ட வர்ற மாதிரி நாம இருக்கணும். அவ்வளவுதான் ட்ரிக்கு" என்றார். கேட்டதும் எனக்குள் ஏதோ நிமிர்ந்துவிட்டது. அரசாங்க வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, அவருடைய பழைய வில் ஒன்றையும் வாங்கிக்கொண்டேன். அதைப் பிடித்தபடி பச்சைப் புள்ளி போட்ட உடுப்பில் எடுத்த ஃபோட்டோதான் நீங்கள் பள்ளி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருப்பது. அதை எடுத்தபோது நான் நின்றது காடு இல்லை மச்சான், எங்கள் வீட்டுக் குப்பைத்தொட்டிக்குப் பின்னால்.

பயிற்சியை பேஸ்மென்டில் வைக்கோல் கட்டு வைத்துச் செய்தேன். மூன்றாவது நாள் அம்பு வைக்கோலைத் தாண்டி, அந்தப் பக்கம் சாய்த்து வைத்திருந்த பொன்னி அரிசி மூட்டையில் இறங்கியது. அரிசி சரசரவென்று கொட்டுகிறது, நான் வில்லோடு நிற்கிறேன். உங்கள் தங்கை மாடிப்படியில் நின்று பார்த்துவிட்டு, "மொத வேட்டை நல்லாத்தானுங்க இருக்குது. தோலை உரிச்சிட்டு மேல கொண்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். வான்மதி அதை வீடியோ எடுத்தாள். அவள் காலேஜ் தோழிகளிடையே எனக்கு இப்போது ரைஸ் ஹன்டர் என்று பெயர்.

சபரி சொல்லிக் கொடுத்ததெல்லாம் எனக்கு மனப்பாடம். காற்று உன் முகத்தில் அடிக்க வேண்டும், முதுகில் அடித்தால் வீட்டுக்குப் போய்விடு. மானின் கண்ணை ஏமாற்றலாம், மூக்கை ஏமாற்ற முடியாது. ஓக் மரத்துக் கொட்டை உதிர்கிற இடத்தைக் கண்டுபிடி. அங்கே மான் வந்து போன தடம் இருக்கும். தடத்தின் மேலேயே உட்காராதே, தள்ளி உட்கார். மான் தலை மரத்துக்குப் பின்னால் மறையும்போதுதான் நாணை இழுக்க வேண்டும். முழு மானையும் பார்க்காதே, முன்னங்காலுக்குப் பின்னால் ஒரு ரோமத்தை மட்டும் பார். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: ஒரு ஸ்கூல் பஸ் நீளத்துக்குள் மான் வந்தால்தான் அம்பு விட வேண்டும். அதற்கு அந்தப் பக்கம் நின்றால், அது எவ்வளவு அழகாக நின்றாலும், கும்பிட்டு அனுப்பிவிட வேண்டும். இதை அவர் என்னிடம் சத்தியமாகவே வாங்கிக்கொண்டார்.

ஹன்டர்டன் கவுண்டி பக்கம் ஒரு சோயா பண்ணைக்காரர் சபரிக்கு அனுமதி கொடுத்திருந்தார். முதல் வாரம் காற்றெல்லாம் சரியாகத்தான் இருந்தது. வாசனை இல்லாத சோப்பில் துவைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் அதைக் காயப்போட்ட இடம் அடுக்களையை ஒட்டிய பால்கனி. உங்கள் தங்கை அன்று ரசம் தாளித்திருந்தாள். காற்று ஒரே ஒரு தடவை திரும்பியது. மரத்துக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்த மான் காலை ஓங்கித் தரையில் மிதித்து, புஸ்ஸென்று மூக்கைச் சீறி, வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பெருங்காயத்துக்கு அப்படி முகம் சுளித்த ஜீவனை நான் பார்த்ததில்லை. இரண்டாவது வாரம் நடந்ததைச் சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. மான் ஒன்று அடிமேல் அடி வைத்து வந்துகொண்டிருந்தது. பஸ் நீளத்துக்குள் வர இன்னும் கொஞ்சம்தான். ஃபோனைச் சைலன்ட்டில் போடாமல் பையில் வைத்திருந்தேன், எடுத்து அணைக்கலாம் என்று விரலை வைத்தது எங்கேயோ பட்டு, நீங்கள் அனுப்பிய குரல் செய்தி காடு முழுக்கக் கேட்டது: "என்னுங் மாப்ளே, ஒரு சத்தத்தையும் காணோம்?"

அதற்குள் தெருவில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. கோயிலுக்குப் போனாலும் மளிகைக் கடைக்குப் போனாலும், "அங்கிள், மான் என்ன ஆச்சு?" என்றுதான் கேட்டார்கள். எதிர்வீட்டு பிரீத்தி சுக்கா செய்முறையே எழுதி அனுப்பிவிட்டாள். எனக்குள் ஒரு பதற்றம் ஏறிக்கொண்டே வந்தது. அந்தப் பதற்றத்தோடுதான் போன சனிக்கிழமை போனேன்.

விடிந்து வெயில் ஏறும் நேரம். வேறு இடத்தில் சபரி உட்கார்ந்திருந்தார். என் எதிரில் சருகு மிதிபடும் சத்தம். ஒரு பெண் மான். இடது காது ஓரம் கிழிந்திருந்தது. அவ்வளவு தெளிவாகப் பார்த்தேன். பக்கவாட்டில் நின்று ஓக் கொட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது. தூரம் ஒரு பஸ் இல்லை மச்சான், இரண்டு பஸ். எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் என் கை நாணை இழுத்தது. ஒற்றை ரோமத்தைப் பார்க்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பிரீத்தியையும் கோயில் கூட்டத்தையும்தான் பார்த்தேன். அம்பு போனது. மான் துள்ளி, முதுகை வளைத்து, புதருக்குள் பாய்ந்தது.

பட்டுவிட்டது என்று நினைத்துவிட்டேன். சபரி வந்து, "எங்க பட்டுது?" என்றார்.

"ஷோல்டருக்குப் பின்னாடி. கரெக்டா" என்றேன். பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னேன்.

"சரி, இப்போ எழுந்து ஓடக் கூடாது. கொஞ்ச நேரம் அசையாம உட்காருங்க. துரத்தினா அது இன்னும் தூரம் போய்டும்" என்றார். அந்தச் சும்மா உட்கார்ந்த நேரத்தில்தான் என் புத்தி கெட்டது. குடும்பக் குழுவிலும் தெருக் குழுவிலும் "விழுந்தது மான்! ஒரே அம்பு!" என்று போட்டுவிட்டேன். உங்கள் கைதட்டல் பொம்மைகள்தான் முதலில் வந்தன.

பிறகு தேடினோம். அம்பு ஈர மண்ணில் குத்தி நின்றது. சபரி எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார். ரத்தம் இல்லை. கொஞ்சம் வெள்ளை மயிர் மட்டும் ஒட்டியிருந்தது. "வெள்ளை மயிர்னா வயித்துக்கு அடியில. உரசிட்டுப் போயிருக்கலாம், கிழிச்சிட்டும் போயிருக்கலாம். தெரியாம வீட்டுக்குப் போக முடியாது" என்றார். "எவ்வளவு தூரத்துல இருந்து விட்டீங்க?" நான் நின்ற இடத்தைக் காட்டினேன். அவர் அங்கிருந்து இங்கே ஒரு தடவை பார்த்தார்.

மதியம் தாண்டும்வரை முழங்காலில் தவழ்ந்தோம். மேப்பிள் மரத்துச் சருகுகள் மச்சான், அக்டோபரில் ஒவ்வொன்றிலும் சிவப்புப் புள்ளி இருக்கும். ஒவ்வொன்றையும் நான் ரத்தம் என்று கத்தினேன். சபரி புண்ணுக்குப் போடும் பெராக்சைடை ஒரு சின்ன பாட்டிலில் வைத்திருந்தார். ரத்தமாக இருந்தால் நுரைக்கும். தெளிப்பார், நுரைக்காது, மேலே நகர்வோம். என் ஃபோன் பையில் துடித்துக்கொண்டே இருந்தது, எல்லாம் வாழ்த்து. எங்கேயோ புதருக்குள் அது வயிறு கிழிந்து படுத்திருக்குமோ என்று நினைத்தபடியே ஒவ்வொரு புதரையும் விலக்கிப் பார்த்தேன். என்னவோ பூச்சியைத் தட்டிவிடுவதுபோல ஒரு உயிரின் மேல் அம்பை விட்டிருக்கிறேன், அதுவும் அடுத்தவர் மெச்சுவதற்காக.

சோயா வயல் ஓரத்துக்கு வந்தபோது சபரி என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். வயலுக்குள் மூன்று மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. நடுவில் இருந்தது தலையைத் தூக்கியது. இடது காது கிழிந்திருந்தது. சபரி பைனாகுலரில் ரொம்ப நேரம் பார்த்தார். "நொண்டல. ரத்தம் இல்ல. அடிவயித்துல கொஞ்சம் ஷேவ் பண்ணி விட்டிருக்கீங்க, அவ்வளவுதான்" என்று பைனாகுலரை என்னிடம் கொடுத்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி முழுக்கத் தண்ணீர். மூக்கை உறிஞ்சினேன். அந்தச் சத்தத்துக்கு மூன்றும் ஓடிப்போயின.

திரும்பும்போது காரில் ஒரே ஒரு தடவைதான் பேசினார். "மிஸ் பண்றது எல்லாரும் பண்றதுதாண்ணா. ஆனா பஸ் நீளம்னு சத்தியம் பண்ணீங்களே." நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வீட்டு வாசலில் செருப்புக் கடைபோல் செருப்பு. தெருக் குழுவைப் பார்த்துவிட்டுப் பாதித் தெரு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. சாந்தாமணி மல்லியும் மிளகும் வறுத்து அரைத்து வைத்துவிட்டாள். காரை கராஜுக்குள் விட்டு, பின்பக்கமாக அவளை மட்டும் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு, "இத்தன பேர நான் என்னன்னு சொல்லி அனுப்பறதுங்க?" என்றாள். அப்போது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வந்த வழியே காரை எடுத்துக்கொண்டு ஹலால் கடைக்குப் போனேன்.

சாப்பிட்டார்கள் மச்சான். பிரீத்தி புருஷன் எலும்பை உறிஞ்சிக்கொண்டு, "என்ன இருந்தாலும் அங்கிள், மான் கறி மான் கறிதான். ஆட்டுல அடிக்கிற அந்தக் கவுச்சி இதுல இல்ல பாருங்க" என்றார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது வான்மதி ஒரு துண்டை வாயில் போட்டு மென்று, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "அப்பா, திஸ் இஸ் லிட்டரலி கோட். ஆட்டுக்கறி!" என்றாள். அடுக்களையில் குக்கர் மட்டும் ஒரு விசில் விட்டது. நான் எழுந்து நின்று, கையில் குழம்போடு, இதோ உங்களுக்கு எழுதியிருப்பதைப் பாதி சொன்னேன். பஸ் விஷயத்துக்கு வந்தபோது அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். "பரவால்ல அங்கிள்" என்று முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். பிரீத்தி மட்டும் மீதியை டப்பாவில் போட்டுக்கொண்டு போனாள்.

ஆகவே, மச்சான், உங்கள் மாணவர்கள் முன்னால் வில்லைத் தூக்கிக்கொண்டு நிற்கும் யோக்கியதை எனக்கு இல்லை. என் பெயரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் யாராவது ஒரு நல்ல மனிதரைப் போடுங்கள். நோட்டீஸ் போர்டு ஃபோட்டோவையும் கிழித்துவிடுங்கள். வில்லை நாளைக்கே சபரியிடம் திருப்பிக் கொடுத்துவிடப்போகிறேன். இனிமேல் என் ஆயுசுக்கும் வேட்டை கிடையாது. அவரைப் பந்தலுக்கு வலை கட்டிக்கொள்கிறோம். இது உங்கள் தங்கை மேல் ஆணை.

அக்காவுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. பண்ணாரி அம்மன் உங்கள் எல்லோரையும் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். என்னைக் கொஞ்சம் புத்தியோடு வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்தபடி,
கிட்டுசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது சபரியிடமிருந்து செய்தி வந்தது, அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு பேசாதவர். "சனிக்கிழமை வடமேற்குக் காற்று. அருமையா இருக்கும். வர்றீங்களாண்ணா?" என்று கேட்டிருக்கிறார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சாந்தாமணி என் உடுப்பை இந்தத் தடவை கராஜில் காயப்போட்டிருக்கிறாள். அதனால் இந்தக் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை வரை தபாலில் போடுவதாக இல்லை. ஒரு பஸ் நீளத்துக்குள் நேர்மையாக ஒரு மான் விழுந்துவிட்டால் இதைக் கிழித்துப் போட்டுவிடுவேன்; நீங்கள் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. இது உங்கள் கைக்கு வந்து, நீங்கள் இதுவரை படித்தும் விட்டீர்கள் என்றால், சனிக்கிழமை என்ன ஆனது என்று தயவுசெய்து ஃபோன் பண்ணிக் கேட்காதீர்கள்.