கயிறு கட்டாத வண்டி

"இந்த மாசத்துல யாருமே போகாத வெளிநாடு எது?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

பயண அலுவலகத்துப் பெண் நகவெட்டியைக் கீழே வைத்தாள். குளிர்காலம் தொடங்கியதிலிருந்து அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது காற்று மட்டும்தான். இப்போதுதான் முதல்முறையாக ஒரு மனிதர் வந்திருக்கிறார், அவரும் இப்படிக் கேட்கிறார்.

"யாருமே போகாத இடமா சார்?"

"ஆமாம்மா. தப்பித்தவறிப் போனாலும் பார்க்க ஒண்ணும் இருக்கக் கூடாது."

"ஒரு தீவு இருக்கு சார். ஆனா இப்ப அங்க நாலு மணிக்கே இருட்டிடும். காத்து ஆளைத் தூக்கும். கடையெல்லாம் மூடிடுவாங்க, படகு ஓடாது. ஹோட்டல் ஒண்ணே ஒண்ணுதான். அதுலயும் சமையல்காரர் லீவு."

"பிரமாதம்! ரெண்டு பேர், நாலு நாள். படம் இருந்தா குடு. ரொம்ப அழகான படமா வேணாம்."

அவர் கிறுக்கர் இல்லை. பயந்த மனிதர், அவ்வளவுதான். அந்தப் பயமும் விசித்திரமானது. பாதி ஆயுளை லிஃப்ட் பழுதுபார்த்தே கழித்தவர். இருபதாவது மாடி உயரத்தில், கூண்டின் தலைமேல் நின்று விசிலடித்துக்கொண்டே திருகாணி முடுக்குவார். ஆனால் விமானம் என்று காதில் விழுந்தால் போதும், உள்ளங்கையில் ஊறும் வேர்வையில் ஒரு குடும்பமே துணி துவைக்கலாம்.

அவர் தரப்பு நியாயம் எளிமையானது. லிஃப்ட்டுக்கு மேலே எஃகு வடம் இருக்கிறது, ஒன்றல்ல, ஐந்தாறு. எல்லாம் அறுந்தாலும் கவ்விப் பிடிக்க பிரேக் இருக்கிறது. அதுவும் கைவிட்டால் குழியில் ஸ்பிரிங் இருக்கிறது. விமானத்தை எதில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்? கேட்டால் காற்று என்கிறார்கள். காற்றுக்கு யார் கிரீஸ் போடுகிறார்கள்?

இதை மனைவியிடம் மட்டும் அவர் மூச்சுவிட்டதில்லை. "எங்க வீட்டுக்காரர் இருபதாவது மாடியில தொங்குவார்!" என்று தன்னிடம் துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுகிறவள் அவள். அந்தப் பெருமையில் ஓட்டை போட அவருக்கு மனம் வரவில்லை.

வினையை ஆரம்பித்து வைத்தவர் சகலை. மனைவியின் அக்கா வீட்டுக்காரர். வெளிநாடு போய்வந்து, ஒரே அருவியை நாற்பது கோணத்தில் படம் பிடித்து, சாப்பிடக் கூப்பிட்ட இடத்தில் சாப்பிட விடாமல் காட்டிக்கொண்டிருந்தார்.

"உனக்கு எதுக்கு சகலை இதெல்லாம்? நீதான் தினமும் மேலயும் கீழயும் டூர் போறியே!" என்று அவர் சொன்னதும் கூடமே சிரித்தது.

லிஃப்ட்காரரின் வாய் அவரைக் கேட்காமலே திறந்தது. "நாங்களும்தான் போறோம்! சீசன் முடியட்டும், கூட்டம் குறையட்டும்னு பார்த்துக்கிட்டிருக்கேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மனைவி டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "ஆமா மாமா, டிக்கெட்கூட விசாரிச்சாச்சு" என்றாள்.

'அடடா, இவளுக்கு எவ்வளவு ஆசை!' என்று லிஃப்ட்காரர் நினைத்தார்.

அதனால்தான் இந்தத் தீவு. படத்தைப் பார்த்தால் அவளே வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். மானமும் போகாது, உயிரும் போகாது.

வீட்டில் அவள் தையல் இயந்திரத்தின் முன், உதட்டில் ஏழெட்டுக் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் படத்தை நீட்டினார். சாம்பல் நிறத்தில் கடல், சாம்பல் நிறத்தில் வானம், நடுவில் ஜலதோஷம் பிடித்த மாதிரி ஒரு வீடு.

"நாலு மணிக்கே இருட்டிடுமாம்" என்றார் ஆவலாக.

"ம்."

"சாப்பாடும் கிடைக்காதாம்."

அவள் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். "உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஆனால் அவளுடைய பெரிய கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. "பிடிக்காமலா?" என்றார்.

"அப்ப சரிங்க. கூட்டம் இல்லாம நிம்மதியா இருக்கும்" என்றாள்.

சீசன் இல்லாத டிக்கெட் கொள்ளை மலிவு. ஆனால் வாங்கினால் வாங்கியதுதான், திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாங்கியாயிற்று. சகலை அன்று மாலைக்குள் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் தகவல் பரப்பிவிட்டார்.

லீவு கிடைக்காவிட்டால்? லிஃப்ட்காரர் மறுநாளே மேலாளரின் அறைக்குப் போனார். அந்த மேலாளர் காய்ச்சலுக்கு லீவு கேட்டால் தெர்மாமீட்டரைக் கொண்டுவரச் சொல்கிறவர்.

"நாலு நாள் லீவு வேணும் சார். ஊர் சுத்திப் பார்க்க. நீங்க முடியாதுன்னு சொன்னா நான் தப்பா நினைக்க மாட்டேன்."

"யோவ், எத்தனை வருஷமா ஒரு நாள்கூட லீவு எடுக்காம உழைச்சிருக்கே! இப்ப வேலையும் மந்தம். பத்து நாளா எடுத்துக்க!"

"அவ்வளவு நல்லவரா இருக்காதீங்க சார்."

"உன் வீட்டம்மாகூட போன் பண்ணினாங்கய்யா. 'அவர் இல்லாம உங்களால சமாளிக்க முடியுமா, நல்லா யோசிச்சுப் பாருங்க'ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. எவ்வளவு பொறுப்பு!" என்ற மேலாளர், மேஜைக்கு அடியிலிருந்து விமானத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு கழுத்துத் தலையணையை எடுத்து அவர் கழுத்தில் மாட்டிவிட்டார். தூக்குக் கயிறுகூட இன்னும் இதமாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் ஒரு நல்ல செய்தி வந்தது. பாஸ்போர்ட்டுகளைக் காணவில்லை.

"அலமாரியிலதாங்க வெச்ச ஞாபகம்" என்றாள் மனைவி, கைகளைப் பிசைந்தபடி.

லிஃப்ட்காரருக்குக் கால்கள் தரையில் நிற்கவில்லை. ஆனாலும் தேடாமல் இருந்தால் சந்தேகம் வருமே? தேடினார். எங்கெல்லாம் இருக்கவே முடியாதோ அங்கெல்லாம் பார்த்துப் பார்த்துத் தேடினார். செருப்புப் பெட்டி, குளியலறைப் பரண், பழைய மின்விசிறியின் வயிறு. அவள் அலமாரியை மூன்றாவது முறையாகக் கலைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக, இனி எவனும் தன்னைக் குறை சொல்ல முடியாது என்ற திருப்தியோடு, சமையலறை மாவு டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தார். மாவோடு மாவாக இரண்டு பாஸ்போர்ட்டுகளும் விழுந்தன.

இருவரும் குனிந்து ஆளுக்கொன்றை எடுத்து மாவைத் தட்டினார்கள். இருவர் முகமும் வெளுத்திருந்தது. மாவு பறந்ததால் இருக்கும்.

"பத்திரமா இருக்கட்டும்னு வெச்சேன் போல" என்றாள் அவள்.

"நல்லவேளை" என்றார் அவர். அந்த ஒரு சொல்லை வெளியே தள்ள அவர் பட்ட பாட்டுக்கு ஒரு பழைய லிஃப்ட்டையே கையால் இழுத்துவிடலாம்.

மிச்சமிருந்தது விசா. நேர்காணலில் உளறிக்கொட்டி, நிராகரிக்க வைத்துவிடுவது என்று தீர்மானித்து, இருவரின் பாஸ்போர்ட்டுகளோடும் எண்ணெய் படிந்த சட்டையோடும் போனார். நேரமாகியும் யாரும் கூப்பிடவில்லை. பிறகு ஊழியர் ஒருவர் ஓடிவந்தார். "மன்னிக்கணும், அதிகாரி லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாரு. ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குது. இன்னிக்கு வேலை நடக்காது, நீங்க கிளம்புங்க."

இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் எவனுக்கு வாய்க்கும்? கிளம்பியிருக்க வேண்டும். வாசல்வரை போகவும் செய்தார். அப்போது உள்ளிருந்து, "யாராவது இருக்கீங்களா?" என்று ஒரு குரல் கேட்டது.

அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாமல் அவரால் இருக்க முடிந்ததே இல்லை. "பயப்படாதீங்க சார்! கதவை விட்டுத் தள்ளி நில்லுங்க!" என்று கத்திக்கொண்டே மொட்டைமாடி இயந்திர அறைக்கு ஓடினார். மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிக் கூண்டை மாடிக்கு நேராகக் கொண்டுவந்து, எப்போதும் பையில் இருக்கும் சாவியால் கதவைத் திறந்தார்.

வெளியே வந்த அதிகாரி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "உள்ள இருக்கும்போது உயிரே போயிடுச்சு! உங்களுக்கு என்ன செய்யணும், சொல்லுங்க!"

"விசா குடுக்காதீங்க" என்று எப்படிச் சொல்வது? சகலையிலிருந்து மேலாளர்வரை எல்லோருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அதிகாரி இரண்டு பாஸ்போர்ட்டிலும் முத்திரையைக் குத்திய வேகத்தில் மேஜை ஆடியது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி, "கிடைச்சிடுச்சா?" என்று கேட்டுவிட்டு, தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையின் கையைக் கழுத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டாள். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டார் லிஃப்ட்காரர். இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாளே! போய்த்தான் ஆக வேண்டும். செத்தாலும் அவள் பக்கத்தில் சிரித்த முகமாக உட்கார்ந்து சாக வேண்டும்.

விமானம் ஏறுவதற்கு முதல் நாள் மாலை, தெருமுனை மருந்துக்கடையில் கூட்டம் குறையும்வரை காத்திருந்தார். பற்பசை விளம்பரத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தார். கடைசி ஆளும் போனபின் கல்லாவுக்கு மேலே குனிந்தார்.

"என்ன அண்ணே, இருமலா?" என்றாள் கடைப் பெண்.

"இல்லம்மா. எனக்கு... விமானம்னா பயம்." வாழ்க்கையில் முதல் முறையாக அதைச் சொல்லிவிட்டார். சொன்னதும் நெஞ்சிலிருந்து ஒரு லிஃப்ட் கீழே இறங்கியது. "ஏறி உட்கார்ந்ததும் தூங்கிடற மாதிரி ஏதாவது மாத்திரை இருந்தா குடு. வீட்ல இருக்கிற உங்க அக்காவுக்குத் தெரியக் கூடாது. பாவம், ரொம்ப ஆசையா இருக்கா."

கடைப் பெண் அலமாரியில் கையை விட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். எடுத்தவள் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அட்டையைத் திரும்ப உள்ளேயே வைத்துவிட்டாள்.

"புது அட்டை எதுக்கு அண்ணே வீணா? போன வாரம் அக்கா இதே இடத்துல நின்னு, இதே மாதிரி குனிஞ்சு, 'பாவம், அவர் ரொம்ப ஆசையா இருக்கார், எனக்குப் பயம்னு தெரிய வேணாம்'னு சொல்லி முழு அட்டையா வாங்கிட்டுப் போனாங்க. அதுலயே ரெண்டு கேட்டு வாங்கிக்கங்க, ஆனா நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க!"