ஹால் நிறைய இரவல்

"பன்னெண்டு பிள்ளைங்கன்னா சொன்னே?"

"வாயில வந்துடுச்சுங்க. 'வீட்ல வச்சுப் பிள்ளைங்களைப் பாத்துக்கறீங்களாமே, எத்தனை பேர் இருக்காங்க'ன்னு போன்ல கேட்டார். கணீர்னு குரல். பெரிய இடத்து அப்பான்னு கேட்டதுமே தெரிஞ்சுடுச்சு! நாளைக்குப் பத்து மணிக்கு நேர்ல வர்றாராம்."

கணவன் ஹாலை எட்டிப் பார்த்தான். அங்கே இருந்தது மூன்று பேர். அதிலும் ஒன்று பாயை நனைத்துவிட்டு, நனையாத ஓரமாக உருண்டுபோய் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"வர்றவர் எண்ணிப் பார்த்தா?"

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே!" என்றாள் ஆன்ட்டி.

தெருவே அவளை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடும். போன வாரம் புருஷனே வாய் தவறிக் கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். வேலைக்குப் போகும் அம்மாக்கள் காலையில் அவளிடம் பிள்ளையை விட்டுவிட்டு, சாயங்காலம் குளித்துப் பவுடர் போட்ட பிள்ளையைத் திரும்ப வாங்கிப் போவார்கள். எது குப்புறப் போட்டால் தூங்கும், எது காதைத் தடவினால் சாப்பிடும் என்பதெல்லாம் பெற்றவளைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கு அது தொழில் மட்டுமில்லை, உயிர்.

அந்த உயிருக்கு உலை வைக்கத் தெருமுனையில் இலவச மழலையர் பள்ளி வந்தது. சுவரெல்லாம் படம், வாசலில் சறுக்கு மரம், பால் இலவசம், சட்டை இலவசம். ஒலிபெருக்கியில் பாட்டு வேறு. காதால் கேட்டால் உள்ளே நூறு பிள்ளைகள் இருப்பதுபோல் இருக்கும். கண்ணால் பார்க்க ஆன்ட்டி போகவில்லை. அவள் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. ஒவ்வொரு பிள்ளையாக அவளிடமிருந்து அங்கே நழுவ நழுவ, 'அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பூட்டு விழாதா' என்பதுதான் அவளுடைய காலை மாலை வேண்டுதல்.

இதற்கிடையில் பிளாஸ்டிக் பைப் கடை வைத்திருக்கும் கொழுந்தன் வேறு ஹாலை அளந்துவிட்டுப் போயிருந்தான். "அண்ணி, மூணு பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு பெரிய ஹால்? இந்த மாசம் புதுசா யாரும் சேரலைன்னா என் பைப்பை எல்லாம் இங்க இறக்கிடறேன்" என்றான். அண்ணனும் சும்மா இராமல் தலையாட்டி வைத்தான்.

பைப்பைக் குப்புறப் போட்டால் தூங்குமா? ஆன்ட்டிக்கு நினைக்கவே அழுகை வந்தது. அந்தச் சமயத்தில்தான் போன் வந்தது.

"அவர் இன்னும் என்னமோ சொல்ல வந்தார். நான் விடலையே! 'வாங்க சார், பார்த்தா அசந்துடுவீங்க'ன்னு வச்சுட்டேன். பெரிய இடத்துப் பிள்ளை ஒண்ணு சேர்ந்தா போதும், பின்னாலேயே பத்து வரும். காலி ஹாலைப் பார்த்தா எவன் விடுவான்? கூட்டம் இருந்தாத்தான் கூட்டம் சேரும். கிளம்புங்க, ஆள் பிடிக்கணும்!"

காலையில் ஆன்ட்டியின் தங்கை ரெண்டு பஸ் மாறி வந்து மூன்று பிள்ளைகளை இறக்கினாள். "பத்தரை மணிக்குக் கூட்டிட்டுப் போயிடுடி" என்று ஆன்ட்டி சொல்லி முடிப்பதற்குள், "சாயங்காலம் வர்றேன்க்கா, சினிமாவுக்கு டிக்கெட் எடுத்துட்டேன்!" என்று குரல் தெருக்கோடியிலிருந்து கேட்டது. கணவன் தன் ஆபீஸ் நண்பனின் மூன்று பிள்ளைகளை ஒரே ஸ்கூட்டரில் அள்ளிக்கொண்டு வந்தான். அடுத்த தெரு டெய்லரம்மாவின் இரட்டையர் வந்தார்கள். நாத்தனார் தன் பெண்ணை மகனோடு அனுப்பியிருந்தாள். மகனுக்கு எட்டு வயது. பல் விழுந்ததைச் சாக்கு வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவன்.

சேர்ந்தது பன்னிரண்டு. துணைக்கு வந்தவன் கணக்கில் இல்லை. ஆன்ட்டி மகிழ்ந்துபோய்க் கையைத் தட்டினாள். தட்டியதுதான் தாமதம், இரட்டையரில் ஒருத்தி தங்கை மகனின் முடியைப் பிடித்தாள். அவன் பதிலுக்கு இன்னொருத்தி முடியைப் பிடித்தான்.

"இவ இல்லடா, அவ!"

"ரெண்டும் ஒண்ணுதானே பெரியம்மா!"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, ஹாலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஆரம்பித்து எல்லோரும் அழுதார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து பேங்க் அம்மா வாசலில் வந்து நின்றாள். அவளுடைய மகள், எல்லோரும் செல்லமாகச் சுண்டெலி என்று கூப்பிடுகிறவள், ஆன்ட்டியின் சொந்த மூவரில் ஒருத்தி. மறந்துவிட்ட தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க வந்தவள் ஹாலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன ஆன்ட்டி இது! மூணே பேர்தான், கண்ணும் கருத்துமா பாத்துப்பீங்கன்னுதானே ஓசியில கிடைக்கறதை விட்டுட்டு இங்க விட்டேன்? இங்கேயும் சந்தைக்கடைன்னா, அங்கேயே போயிடறேன். பாலாவது குடுப்பாங்க!"

"இல்லம்மா, இது இன்னிக்கு மட்டும்... பத்தரை வரைக்கும்தான்..."

சுண்டெலி அம்மாவின் தோளில் ஏறித் தெருமுனையை நோக்கிப் போயே போய்விட்டாள். சொந்தச் சரக்கு ரெண்டுதான் மிச்சம். இனி அந்தக் கணீர்க் குரல் அப்பாவை விட்டால் வேறு கதி இல்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன?

"ஒண்ணு குறையுதே!" என்றான் கணவன்.

இருவர் பார்வையும் ஒரே நேரத்தில் நாத்தனார் மகன் மேல் விழுந்தது.

"டேய், இன்னிக்கு உனக்கு நாலு வயசு" என்றாள் ஆன்ட்டி.

"எட்டு, அத்தை."

"உக்காந்தா நாலு, எந்திரிச்சா எட்டு. அதனால எந்திரிக்காதே!"

அழைப்பு மணி அடித்தது.

வந்தவர் கண்ணாடி போட்ட, குடை பிடித்த, சாதுவான மனிதர். குரல் மட்டும் அதே கணீர். அவர் வாயைத் திறப்பதற்குள் ஆன்ட்டி திறந்துவிட்டாள்.

"வாங்க சார், வாங்க! இதுதான் ஹால். காத்து பாருங்க, வெளிச்சம் பாருங்க! பிள்ளைங்களா, வணக்கம் சொல்லுங்க!"

பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வணக்கம் சொன்னார்கள். வந்தவர் ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு தலையாக எண்ணினார். எண்ண எண்ண அவர் முகம் மலர்ந்தது. ஆன்ட்டி கணவனைப் பார்த்துக் கண்ணடித்தாள். மீன் தூண்டிலைக் கடிக்கிறது!

"இத்தனையும் இந்த அக்கம்பக்கத்துப் பிள்ளைங்கதானாம்மா?"

"எல்லாம் இந்தத் தெருதான் சார்! கூப்பிடு தூரம்!"

"நாங்க ரெண்டு பஸ் மாறி வந்தோம்" என்றது தங்கையின் கடைக்குட்டி.

"பஸ் விளையாட்டு சார்! காலையில விளையாடினோம்" என்று ஆன்ட்டி அதன் வாயில் ஒரு பிஸ்கட்டைச் செருகினாள்.

அவர் கடைசி வரிசையில் குனிந்தார். "உனக்கு என்ன வயசு தம்பி?"

"உக்காந்தா நாலு சார்."

கணவனுக்குத் திடீரென்று பலமான இருமல் வந்தது. அவர் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார்.

"இதுக்கு மேலயும் சேர்க்கச் சொல்லிக் கேட்டு வர்றாங்களா?"

"கேக்கறாங்களாவா! தினம் வந்து நிக்கறாங்க. இடமில்லைன்னு திருப்பி அனுப்பத்தான் இவரை வேலைக்கு லீவு போட வச்சு வாசல்ல நிறுத்தியிருக்கேன்!"

கணவன் தரையைப் பார்த்தான்.

"தெருமுனையில இலவசப் பள்ளி இருக்கே. அங்க போகக் கூடாதா?"

இந்தக் கேள்விக்காகத்தான் ஆன்ட்டி இத்தனை மாதமாகப் பதிலைத் தீட்டி வைத்திருந்தாள்.

"அதுவா? அது கைக்குட்டை அகலம் சார்! இங்க இருக்கற பிள்ளைங்க கூட்டத்துக்கு அது எந்த மூலைக்கு? பத்துப் பேர் உக்காந்தா, அடுத்து வர்றது சறுக்கு மரத்துலதான் உக்காரணும். இதே மாதிரி இன்னும் நாலு இருந்தாலும் இந்தத் தெருவுக்குப் பத்தாது!"

"அப்படியா சொல்றீங்க!" அவர் குடையைக்கூடக் கையிலிருந்து நழுவவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

அடித்தது யோகம்! ஹாலிலிருந்து பைப்புகள் ஒவ்வொன்றாக வெளியே உருண்டு போவதை ஆன்ட்டி மனக்கண்ணில் பார்த்தாள்.

"அப்போ உங்க பிள்ளைய எப்ப சார் கூட்டிட்டு வர்றீங்க?"

"என் பிள்ளையா? என் பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிடுச்சும்மா!"

"அப்போ... பேரப்பிள்ளையா?"

"போன்லயே சொல்ல வந்தேன், நீங்க எங்க விட்டீங்க? இலவசப் பள்ளிகளை நடத்தற ஆபீஸ்லேருந்து வர்றேன். எந்தத் தெருவுல எத்தனை சின்னப் பிள்ளைங்க இருக்காங்கன்னு பாக்கறது என் வேலை. உங்க எதிர்வீடு காலியாத்தானே கிடக்கு? அங்க ஒரு பள்ளி உடனே திறக்கணும்னு இன்னிக்கே சொல்லிடறேன்."

ஆன்ட்டி மிச்சமிருந்த பிஸ்கட்டைத் தன் வாயிலேயே செருகிக்கொண்டாள். பின்னால் நாத்தனார் மகன் கால் மரத்துப்போய் எழுந்து நின்றான்.

அவர் அதைக் கவனிக்கவில்லை. செருப்பை மாட்டி, குடையை விரித்து, படியில் நின்று மனம் நிறைந்து கைகூப்பினார்.

"நல்ல வேளை, உங்களை வந்து பார்த்தேன்மா. இந்தப் பக்கம் பிள்ளைங்க பத்தலைன்னு, தெருமுனைப் பள்ளியை இன்னிக்கு மத்தியானத்தோட மூடறதாத்தான் இருந்தோம்!"